லேடீஸ் சீட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம்

ஏற்காட்டுக்கு வர்ற முக்கால்வாசி பேரு போய் நிக்கிறது லேடீஸ் சீட்ல தான். கீழ சேலம் டவுன் மொத்தமும் தெரியும், மாக்னசைட் தோண்டின வெள்ளைக்கல் மேடு தெரியும், நல்லா தெளிஞ்ச நாள்னா மேட்டூர் டேம் தண்ணி மினுக்குறது கூட தெரியும், அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. ஆனா குளிருக்கு வடக்க இருந்து வர்ற பருந்தை நவம்பர்ல எண்ணணும்னா அங்க உக்காந்து பெருசா பிரயோஜனம் இல்லைங்க. காரணம் காத்து. ஐப்பசி கார்த்திகைல நமக்கு காத்து வடகிழக்குல இருந்து வருது, அது சமவெளில ஓடி வந்து மலைச்சரிவுல மோதுனதும் வேற போக்கிடம் இல்லாம மேல ஏறும், அந்த ஏறுற காத்து மேல ரெக்கைய விரிச்சு வெச்சா போதும், ஒரு அடி கூட அடிக்காம பருந்து விளிம்போடவே வழுக்கிட்டு போயிடும். லேடீஸ் சீட் பாக்குறது தென்மேற்கு. அதாவது அந்த சீசன்ல அது காத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.

அதனால நாங்க போறது பகோடா பாயின்ட் இருக்கற கிழக்குப் பக்கம். அங்கயும் கோயில், கடை, கூட்டம்னு ஆயிடுச்சு, அதுக்கும் தள்ளி எஸ்டேட் ரோட்டுல போனா சில்வர் ஓக் மரமெல்லாம் முடிஞ்சு ஒரு மொட்டைப் பாறை இருக்கு, எஸ்டேட்காரங்க கிட்ட கேட்டுட்டு தான் போறோம், அதனால எங்கன்னு சரியா சொல்ல மாட்டேன். சிலர் கேப்பாங்க, சேர்வராயன் கோயில் தானே இருக்கறதுலயே உசரம், 1600 மீட்டருக்கு மேல போகுது, அங்க உக்காந்தா இன்னும் நல்லா தெரியாதான்னு. தெரியாது. கோயில் இருக்கற இடம் மேல தட்டையா பரந்து கிடக்கு, காத்து விளிம்புல ஏறிட்டு அங்க வர்றப்ப பலம் போயிடும், பருந்துக்கு உசரம் முக்கியமில்ல, சரிவு தான் முக்கியம்.

நாங்கன்னா நாலு பேரு. பேங்க்ல ரிட்டயர் ஆன ஒரு அண்ணன், அவர் தான் எங்க குரு, பேனா பேப்பர் எல்லாம் அவர் கைல தான். சேலத்துல எம்எஸ்சி படிக்கிற ஒரு தங்கச்சி, நீளமான லென்ஸ் போட்ட கேமரா அது கிட்ட. கார் ஓட்டுன தம்பி, ஓசில ஊர் சுத்தலாம்னு வந்தவன், மத்தியானத்துக்குள்ள எங்க எல்லாரையும் விட அவனுக்குத் தான் முதல்ல பருந்து கண்ல படுது, அவன் வயசு கண்ணு அப்படி. அப்புறம் நான். விடியறதுக்கு முன்னாடி அஸ்தம்பட்டி தாண்டி, அடிவாரத்துல இட்லி பார்சல் வாங்கிட்டு, 20 ஹேர்பின் வளைவும் ஏறி, மேல போறப்ப ஒரே பனி, முன்னாடி போற பஸ்ஸோட பின் லைட் மட்டும் தான் தெரியுது.

பாறைல உக்காந்து முதல் வேலை ஃபார்ம் நிரப்புறது. இது வெளிநாட்டுல பருந்து எண்ணுற எல்லா இடத்துலயும் இருக்கற முறை தான், மணிக்கு ஒரு வரி. காத்து எந்தப் பக்கம், எவ்வளவு பலம், வானத்துல மேகம் எத்தனை பங்கு, எவ்வளவு தூரம் கண்ணு போகுது. எங்களுக்கு தூரத்துக்கு அளவுகோல் மலைங்க தான்: அருநூத்துமலை தெரிஞ்சா நல்லது, அதுக்குப் பின்னாடி கல்வராயன் மலை கோடு தெரிஞ்சா ரொம்ப நல்லது. அன்னைக்கு 7 மணிக்கு கீழ இருக்கற குப்பனூர் ரோடே தெரியல. 7-ல இருந்து 8 வரைக்கும் பூஜ்யம். 8-ல இருந்து 9 வரைக்கும் பூஜ்யம். கார் தம்பி, "அண்ணா ஒண்ணும் வரல, அதையும் எழுதுவீங்களா"ன்னு கேட்டான், அண்ணன் எழுதிக்கிட்டே "ஆமாப்பா, கடைல யாவாரம் ஆகாத நாளும் கணக்குல ஏறும்ல"ன்னார். இது சும்மா பேச்சு இல்ல. பூஜ்யம் எழுதலைன்னா, அந்த நேரத்துல பருந்து வரலையா இல்ல பாக்க ஆள் இல்லையான்னு நாளைக்கு அந்தப் பேப்பரை எடுத்துப் பாக்கறவனுக்கு புரியவே புரியாது.

காலைல பூஜ்யமா இருக்கறதுக்கும் காரணம் இருக்கு. பெரிய ரெக்கை உள்ள பருந்து, கழுகு எல்லாம் ரெக்கைய அடிச்சுப் பறக்க யோசிக்கும், உடம்பு கனத்துக்கு அது ரொம்ப செலவு. வெயில் ஏறி பாறையும் காஞ்ச நிலமும் சூடாகி, அந்த சூட்டுல காத்து தூண் தூணா மேல கிளம்பணும், அதுக்கு தெர்மல்னு பேரு, அதுல புகுந்து வட்டம் போட்டுக்கிட்டே உசரம் ஏறி, மேல போனதும் ரெக்கைய லேசா மடக்கி சறுக்கி அடுத்த தெர்மலுக்கு போகும். ஏறு, சறுக்கு, ஏறு, சறுக்கு, இப்படியே நூறு இருநூறு கிலோமீட்டர் ஒரு நாள்ல. கடல் மேல இந்த வித்தை சரியா நடக்காது, தண்ணில அந்த அளவு தெர்மல் கிளம்பாது. அதனால தான் உலகத்துல பெரிய பெரிய பருந்துக் கூட்டம் எல்லாம் கடலைச் சுத்திக்கிட்டுப் போற இடுக்குல மாட்டுது. மெக்சிகோல வெராக்ரூஸ்னு ஒரு இடம், ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் மலை, நடுவுல இருக்கற சந்துல ஒரு சீசனுக்கு 40 லட்சத்துக்கும் மேல போகுது. ஜார்ஜியா நாட்டுல பத்துமி, கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் நடுவுல, அங்க 10 லட்சத்துக்கும் மேல, 2008-ல இருந்து வருஷா வருஷம் ஆள் போட்டு எண்றாங்க.

நம்ம பக்கம் அந்த இடுக்கு கிடையாது. வடக்க இருந்து வர்ற பருந்துக்கு தக்காணம் முழுசும் திறந்து கிடக்கு, எங்க வேணா இறங்கலாம், யாரும் அதை ஒரு சந்துல தள்ளல. அதுவும் போக நிறைய பருந்துக்கு நம்ம ஊரு தான் போய்ச் சேர்ற இடமே, வழில இருக்கற ஸ்டாப் இல்ல. அதனால ஏற்காட்டுல உக்காந்து வானம் கறுத்துப் போற அளவுக்கு பருந்து வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இங்க ஒரு நாள் முழுக்க உக்காந்தா கை விரல் கால் விரலோட எண்ணிக்கை முடிஞ்சிடும். எனக்கு அது தான் புடிச்சிருக்கு, ஏன்னா ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பஞ்சாயத்து வெக்க நேரம் இருக்கு.

9 மணி தாண்டி பனி கிழிஞ்சுச்சு. முதல்ல மேல வந்தது உழவாரன் குருவிங்க, காது பக்கத்துல சர்ருனு சத்தம் வர்ற அளவுக்கு கிட்ட. உழவாரன் விளிம்புல வந்து சுத்துதுன்னா கீழ இருந்து காத்தோட பூச்சியும் மேல வருதுன்னு அர்த்தம், அண்ணன் உடனே பைனாகுலரை எடுத்துட்டார். அடுத்த கால் மணி நேரத்துல கள்ளப்பருந்து கிளம்புச்சு பாருங்க, கீழ எங்கயோ குப்பை கொட்டுற இடத்துல இருந்து ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சு நாப்பது கிட்ட ஒரே தூண்ல சுத்துதுங்க. கார் தம்பி எண்ணிக்கைக்கு வெச்சிருந்த கிளிக்கரை டக்கு டக்குனு அமுக்க ஆரம்பிச்சான். அண்ணன் சிரிச்சுக்கிட்டே "அதை அழிச்சிடு தம்பி, அதெல்லாம் நம்ம வார்டு ஓட்டர்ஸ்"ன்னார்.

இது தான் இந்த மலைல எண்ணுறதுல பாதி வேலை. யாரு உள்ளூரு, யாரு வெளியூரு. கள்ளப்பருந்து, கருடன், வைரி, குடுமி வெச்ச பாம்புக் கழுகு, கருங்கழுகு இதெல்லாம் வருஷம் முழுக்க இங்கயே இருக்கறதுங்க, தினம் காலைல மேல ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வரும். அதை எண்ணினா சாயங்காலத்துக்குள்ள ஒரே பருந்தை பத்து தடவை எண்ணிடலாம். அதனால எங்க விதி: பாறைக்கு நேரா ஒரு கோடு போட்ட மாதிரி நினைச்சுக்கணும், வடக்க இருந்து தெக்க அந்தக் கோட்டைத் தாண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் போனா தான் ஒண்ணு. திரும்பி வந்தா ஒண்ணு கழிச்சிடணும். கள்ளப்பருந்துலயே வடக்க இருந்து குளிருக்கு வர்ற ஒரு வகையும் இருக்கு, ஆனா அவ்வளவு தூரத்துல பிரிச்சு சொல்ல முடியாது, அதனால மொத்தமா விட்டுர்றது தான் நேர்மைன்னு அண்ணன் கட்சி. சந்தேகம்னு எழுதி வெக்கலாமேன்னு தங்கச்சி கட்சி. நான் அண்ணன் பக்கம்.

10 மணி சுமாருக்கு முதல் நெஜமான கணக்கு விழுந்துச்சு. ராஜாளி, கெஸ்ட்ரல்னு சொல்றதே அது, விளிம்புக்கு வெளில அந்தரத்துல நின்ன இடத்துலயே நின்னு, வாலை விசிறியா விரிச்சு, தலைய மட்டும் ஆணி அடிச்சு வெச்சாப்ல அசைக்காம கீழ பாத்துக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் சட்டுனு சாஞ்சு தெக்க போயிடுச்சு. அதுக்கப்புறம் பூட்டட் ஈகிள், குளிருக்கு வர்ற சின்ன சைஸ் கழுகு. இதை ஒரு தடவை கீழ இருந்து பாத்துட்டா மறக்க முடியாது: வெளிர் நிறத்துல இருக்கறதுக்கு உடம்பும் ரெக்கையோட முன்பாதியும் வெள்ளை, பின்பாதி கறுப்பு, கழுத்தும் ரெக்கையும் சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் சின்னதா வெள்ளைப் புள்ளி, நேரா நம்மள பாத்து வர்றப்ப ஹெட்லைட் போட்டுட்டு வர்றாப்ல இருக்கும்.

அது தாண்டிப் போயி அரை மணி நேரம் ஆகல, வடக்க இருந்து மறுபடி ஒரு வெளிர் பூட்டட் ஈகிள். இங்க தான் பஞ்சாயத்து ஆரம்பிச்சுது. அதே பறவை தான், மலைக்கு அந்தப் பக்கமா சுத்தி வந்துடுச்சுன்னு நான் சொன்னேன். இல்ல இது வேறன்னு தங்கச்சி. எப்படிச் சொல்றன்னு கேட்டா கேமராவைத் திருப்பி ரெண்டு படத்தையும் பெருசு பண்ணிக் காட்டுச்சு. பறவைங்க வருஷத்துல இறகு மாத்தும், ஒரே நேரத்துல எல்லாம் உதிராது, ஒவ்வொண்ணா உதிர்ந்து முளைக்கும், அதனால பறக்கறப்ப ரெக்கைல பல்லு போன இடம் தெரியும். முதல் பறவைக்கு இடது ரெக்கை நடுவுல ஒரு இறகு இல்ல. ரெண்டாவதுக்கு ரெக்கை முழுசா இருந்துச்சு. ஆக 2. படம்னு பாத்தா அது படமே இல்ல, கலங்கலா, கண்ணு எங்க இருக்குன்னு கூட தெரியாது, எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் தூக்கிப் போட்டுருவாங்க. ஆனா அன்னைக்கு எடுத்ததுலயே உருப்படியான படம் அது தான். 11 மணிக்கு மேல மூணாவது ஒண்ணு வந்துச்சு, பாத்தா இடது ரெக்கைல அதே ஓட்டை. பழைய ஆளு. கழிக்கணும், திரும்பக் கூட்டணும், அண்ணன் பேப்பர்ல அடிச்சு அடிச்சு எழுதினதுல அந்த வரியே கறுத்துப் போச்சு.

நான் இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, மலைக்கு லென்ஸ் தூக்கிட்டு வர்ற நம்ம ஆளுங்கள்ல நிறைய பேரு பறவை கிட்ட வந்து கண்ணு பளிச்சுனு விழுந்தா தான் ஷட்டரை அமுக்குறாங்க, தூரத்துல போறதை வேஸ்ட்டுன்னு விட்டுடறாங்க. பருந்து விஷயத்துல தூரத்துல போறது தான் சமாச்சாரமே. அதை விடக் கொடுமை ட்ரோன். பக்கத்து வியூ பாயின்ட்ல இருந்து யாரோ ஒருத்தர் 11 மணிக்கு ஒண்ணைக் கிளப்பி விட்டாரு, தேனீ இரையற சத்தத்தோட அது விளிம்போட போனதும், அதுவரைக்கும் சுத்திக்கிட்டு இருந்த பாம்புக் கழுகு ஜோடி கத்திக்கிட்டு கீழ இறங்கிப் போயிடுச்சு. கால் மணி நேரம் வானம் காலி. அதையும் ஃபார்ம்ல குறிப்புன்னு இருக்கற இடத்துல எழுதியாச்சு.

நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தது பூனைப்பருந்துக்கு. 11:30-க்கு மேல, வெயில் நல்லா ஏறி, கீழ வாழப்பாடி பக்கம் வயலெல்லாம் கானலா ஆடுறப்ப, ஒண்ணு வந்துச்சு, அது ரெக்கைய மேல தூக்கி வி வடிவத்துல வெச்சுக்கிட்டு ஒரு பக்கம் சாஞ்சு மறுபக்கம் சாஞ்சு போறதைப் பாத்தாலே தெரிஞ்சிடும், நீள வாலு, இடுப்புல வெள்ளைப் பட்டை. பெட்டை. அதுல மாண்டேகு வகையா பேலிட் வகையான்னு அந்த உசரத்துல சொல்லவே முடியாது, பெட்டை ரெண்டும் ஒரே அச்சு, பூனைப்பருந்துன்னு மட்டும் எழுதினோம். பின்னாலயே இன்னும் ரெண்டு. அப்புறம் ஒரு ஆண், சாம்பல் நிறம், ரெக்கை மேல கறுப்புக் கோடு, ஆக இது மாண்டேகு தான்னு நாலு பேரும் ஒரே நேரத்துல கத்துனோம். 12 மணிக்குள்ள அந்த வரில 5 ஆச்சு.

இதுங்க கஜகஸ்தான் மாதிரி மத்திய ஆசியாவுல இருக்கற புல்வெளில குஞ்சு பொரிச்சிட்டு, குளிருக்கு நம்ம பக்கம் வர்றதுங்க. பகல்ல வயல்லயும் தரிசுலயும் தாழப் பறந்து வெட்டுக்கிளி, எலின்னு புடிக்கும், ராத்திரி மரத்துல அடையாது, புல்லுக்காட்டுல தரைல கூட்டமா படுக்கும். அது தான் அதுக்கு வந்த வினை. நம்ம கணக்குல புல்லுக்காடுன்னா சும்மா கிடக்கற இடம், வருமானம் இல்லாத பூமி, அதனால பிளாட் போடறதோ மரம் நடறதோ புண்ணியம். மரம் நடறது கூடவான்னு கேட்டா, ஆமாங்க, புல்லுல படுக்கற பறவைக்கு அது வீட்டை இடிச்சு கோயில் கட்டறது தான்.

அந்த நேரத்துல எஸ்டேட்ல வேலை பாக்குற பாட்டி ஒண்ணு வந்து நின்னுச்சு, காப்பிப் பழம் பறிக்கற கூடை இடுப்புல. கொஞ்ச நேரம் எங்களையும் வானத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு "என்னா சாமி, காலைல இருந்து மேலயே பாத்துக்கிட்டு கெடக்கறீங்க, ஹெலிகாப்டர் வருதா, மந்திரி யாராச்சும் வர்றாரா"ன்னு கேட்டுச்சு. அண்ணன் விளக்கமா சொன்னாரு, எங்கெங்க இருந்தோ வருது பாட்டி, எண்றோம்னு. பாட்டிக்கு அது ஒண்ணும் ஆச்சரியமா இல்ல. "ஆமா, ஐப்பசிக்கு வரும், பங்குனிக்குப் போயிடும். வர்ற பருந்து கோழிக்குஞ்சு தொடாது. இங்கயே கெடக்குது பாரு, அது தான் களவாணி"ன்னுச்சு. பூட்டட் ஈகிள் கோழியும் தூக்கும்னு தங்கச்சிக்குத் தெரியும், வாயைத் திறந்துச்சு, அண்ணன் கண்ணாலயே அடக்கிட்டாரு. பைனாகுலரைக் கொடுத்தோம், பாட்டி அதுல வானத்தைப் பாக்கல, கீழ சரிவுல இருக்கற தன்னோட ஊரைப் பாத்து, யாரு வீட்டு வாசல்ல யாரு உக்காந்திருக்கான்னு சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கொடுத்துட்டுப் போச்சு.

மத்தியானம் சாப்பாடுன்னு தனியா எதுவும் இல்ல, ஆறிப்போன இட்லியும் டப்பால கொண்டு வந்த தட்டுவடையும். எண்ணுறவங்களுக்கு உச்சி வேளை தான் கஷ்டம். மேகம் இருந்தா வெள்ளைல கறுப்புப் புள்ளி நல்லா தெரியும், ஆனா வானம் சுத்த நீலமாயிட்டா தலைக்கு நேரா இருபது பருந்து போனாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, தெர்மல் பலமா இருக்கறதால அதுங்க ரொம்ப உசரத்துல போகும். அதனால ஒருத்தர் மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேல மட்டும் பாக்கணும், மத்தவங்க மலை விளிம்பையே பைனாகுலர்ல மெதுவா இடமிருந்து வலமா துழாவணும். படுக்குற டர்ன் எனக்கு வந்துச்சு. கழுத்து வலிக்கு அது ஒரு வைத்தியம்.

அப்ப தான் பேச்சு அமூர் ஃபால்கன்ங்கற குட்டி வல்லூறுக்குப் போச்சு. நான் ஒவ்வொரு நவம்பரும் அதுக்காகத் தான் வர்றேன், வெளில சொல்லிக்கிறதில்ல. 150 கிராம் இருக்கும், அவ்வளவு தான், சைபீரியா, வடக்கு சீனா பக்கம் இருந்து கிளம்பி நாகாலாந்துல லட்சக்கணக்குல இறங்கி, அங்க இருந்து நம்ம தீபகற்பத்தைக் குறுக்க வெட்டி, அரபிக்கடலை நிக்காம தாண்டி ஆப்பிரிக்காவோட தென்பகுதிக்குப் போகுது. பெரிய கழுகு பயப்படற கடலை இது ரெக்கைய அடிச்சே தாண்டும், பின்னாடி இருந்து தள்ளுற வடகிழக்குக் காத்து தான் துணை. 2012-ல நாகாலாந்து தோயாங் அணைக்கட்டுப் பக்கம் மீன் வலைய மரத்துக்கு மரம் கட்டி இதுங்கள ஒரு லட்சத்துக்கும் மேல புடிச்சுக் கொன்னதா செய்தி வந்து நாடே அதிர்ந்துச்சு, அடுத்த வருஷமே அந்த பாங்தி கிராமத்துக்காரங்க ஒண்ணைக் கூட தொட மாட்டோம்னு முடிவெடுத்து, சொன்னபடி நின்னாங்க. அதே 2013-ல மூணு பறவைக்கு சேட்டிலைட் டேக் கட்டி விட்டாங்க, நாகா, வோக்கா, பாங்தின்னு பேரு வெச்சு.

தங்கச்சி இதுல ஒரு விஷயம் சேத்துச்சு. அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள தட்டான் பூச்சியும் இந்தியால இருந்து மாலத்தீவு வழியா ஆப்பிரிக்காவுக்குப் போகுதுன்னு சார்ல்ஸ் ஆண்டர்சன்னு மாலத்தீவுல இருந்த ஒரு பயாலஜிஸ்ட் 2009-ல எழுதினாரு, அமூர் ஃபால்கன் கடல் மேல அந்தத் தட்டானையே புடிச்சுத் தின்னுக்கிட்டுப் போகலாம்னு ஒரு கருத்து. நாங்க உக்காந்திருந்த பாறை மேல மஞ்சத் தட்டான் அன்னைக்கு எக்கச்சக்கம், எல்லாம் ஒரே திசைல போற மாதிரி எனக்குப் பட்டுச்சு, ஆசை தான் காரணமா இருக்கும். 3 மணி வரைக்கும் மல்லாக்கக் கிடந்தேன். அமூர் வரல.

சேர்வராயன் மலைல பறவைக் கணக்கு எடுக்கறது புதுசு இல்ல. 1929-ல வெர்னே சர்வேன்னு கிழக்குத் தொடர்ச்சி மலை முழுக்க ஆள் போட்டு பறவை சேகரிச்சாங்க, இங்கயும் சித்தேரி பக்கமும் வந்தாங்க. அப்ப சேகரிக்கறதுன்னா சுட்டு, தோலை உரிச்சு, பஞ்சு அடைச்சு, சீட்டு கட்டி மியூசியத்துக்கு அனுப்பறது. அதே காலத்துல அமெரிக்கால பென்சில்வேனியா மலைல ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கே பருந்து சுடறது தான், அந்த மாநிலத்துல ஒரு வகை பருந்தைக் கொன்னா 5 டாலர் இனாமே இருந்துச்சு. 1934-ல ரோசலி எட்ஜுன்னு ஒரு அம்மா அந்த மலையையே குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரவுன்னு ஒருத்தரைக் காவலுக்குப் போட்டாங்க. அவர் துப்பாக்கிக்காரங்கள திருப்பி அனுப்புனது போக மிச்ச நேரத்துல போறதை எண்ணி எழுத ஆரம்பிச்சாரு, அது தான் ஹாக் மவுன்டன். சும்மா எழுதி வெச்சது பின்னாடி எங்க உதவுச்சு தெரியுமா, 1962-ல ரேச்சல் கார்சன்னு ஒரு எழுத்தாளர் டிடிடி பூச்சி மருந்து செய்யற கெடுதலைப் பத்தி எழுதினப்ப, வெள்ளைத்தலைக் கழுகுல குஞ்சுப் பருவத்துப் பறவை எப்படிக் குறைஞ்சு போச்சுன்னு காட்ட அந்த மலைக் கணக்கு தான் சாட்சியா நின்னுச்சு.

நம்ம நாட்டுலயும் அதே கதை தான், இன்னும் மோசமா. 80-கள்ல ராஜஸ்தான் பரத்பூர்ல விபு பிரகாஷ்னு ஒரு பறவை ஆராய்ச்சியாளர் பிணந்தின்னிக் கழுகை எண்ணி வெச்சிருந்தாரு, அப்ப அதை எண்ணுறதே கிறுக்குத்தனமா தெரிஞ்சிருக்கும், ஊருக்கு ஊரு மாடு செத்தா நூறு கழுகு இறங்குற காலம். 90-கள் கடைசில திரும்ப எண்ணினப்ப தான் கழுகு காணாமப் போறது பேப்பர்ல வந்துச்சு. மாட்டுக்கு வலிக்குப் போடற டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ன கழுகுக்கு விஷமானது தான் காரணம்னு 2004-ல தெரிஞ்சு 2006-ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணாங்க. பழைய எண்ணிக்கை இல்லைன்னா, அந்தக் காலத்துல நிறைய இருந்துச்சுப்பான்னு பெருசுங்க பேசறதா தான் அது முடிஞ்சிருக்கும். அண்ணனுக்கு சின்ன வயசுல ஓமலூர் பக்கம் செத்த மாட்டு மேல கழுகு உக்காந்து பாத்த ஞாபகம் இருக்காம், எத்தனைன்னு கேட்டா "நிறைய"ங்கறாரு. பேங்க்ல வேலை பாத்த மனுஷன், அந்த "நிறைய" அவரை இன்னமும் உறுத்துது.

3 மணிக்கு மேல கிழக்க கல்வராயன் பக்கம் மழை மேகம் கட்டிக்கிட்டு வந்துச்சு. மேகம் வந்தா வெயில் போகும், வெயில் போனா தெர்மல் படுத்துடும், பருந்துங்க அவசரமா கடைசி சறுக்கல் போட்டு இறங்க இடம் தேடும். அந்தக் கடைசி நேரத்துல ஒரு ராஜாளியும் இன்னொரு பூனைப்பருந்தும் எங்க பாறைய விட தாழ்வா போச்சு, முதுகைப் பாத்தோம், பருந்தோட முதுகைப் பாக்கறதுக்குன்னே மலை ஏறலாம். அப்புறம் ஷாஹீன். இது உள்ளூர் ஆளு தான், பாறை இடுக்குல குடியிருக்கற வல்லூறு, கணக்குல வராது, ஆனா மேல இருந்து ரெக்கைய ஒட்ட மடக்கி உழவாரன் கூட்டத்துக்குள்ள விழுந்துச்சு பாருங்க, நாலு பேரும் கைல இருந்ததை எல்லாம் கீழ போட்டுட்டோம். ஒண்ணும் சிக்கல அதுக்கு. ஒரு ரவுண்டு அடிச்சிட்டு மறுபடி மேல போயிடுச்சு. கார் தம்பி "இதை எண்ணக் கூடாதா அண்ணா"ன்னு பாவமா கேட்டான். கூடாது.

மழை பாறைக்கு வந்து சேர்றதுக்குள்ள மூட்டை கட்டியாச்சு, கார்ல உக்காந்து கூட்டிப் பாத்தோம். பூட்டட் ஈகிள் 4, பூனைப்பருந்து 6, ராஜாளி 3, பஸ்ஸார்டுங்கற இன்னொரு வகை பருந்து 1, என்னன்னு தெரியாதது 2. மொத்தம் 16. வெராக்ரூஸ்காரங்க பாத்தா ஒரு தும்மல்ல போறது. "தெரியாதது" வரிய கார் தம்பி ஒத்துக்கவே இல்ல, அதுல ஒண்ணு கண்டிப்பா அமூர்னு அடம், நீளமா கூரா ரெக்கை இருந்துச்சாம், அவன் மட்டும் தான் பாத்தான், ரெண்டு செகண்டு. அண்ணன் பேனாவை மூடி சட்டைப் பைல வெச்சுக்கிட்டாரு.

போகணும்னு நினைக்கறவங்களுக்கு: அக்டோபர் கடைசில இருந்து டிசம்பர் நடு வரைக்கும், மழை விட்ட மறுநாள், காத்து வடகிழக்குல இருந்து வீசுற நாளாப் பாத்துப் போங்க. சனி ஞாயிறு வேணாம், வளைவுல வண்டி நகராது. பைனாகுலர் 8 மடங்கு போதும், 10 மடங்குன்னா கை ஆட்டம் கூடத் தெரியும். தொப்பி, ஸ்வெட்டர் ரெண்டுமே வேணும், 7 மணிக்கு ஒண்ணு 12 மணிக்கு ஒண்ணு. ஆரஞ்சு நிறத்துல சட்டை போட்டா பருந்து பயப்படுமான்னு எல்லாம் கேக்காதீங்க, அது உங்கள அடிவாரத்துல இருந்தே பாத்துடுச்சு.

மார்ச் கடைசில இதுங்க திரும்பிப் போறப்ப எங்க உக்காரணும்ங்கறது தான் இப்ப எங்களுக்குள்ள ஓடற சண்டை. அப்ப வடகிழக்குக் காத்து இருக்காது, சேலம் டவுன் பக்கம் கொளுத்துற வெயில்ல தெர்மல் அங்க தான் பலமா கிளம்பும், அதனால லேடீஸ் சீட் தான் சரிங்கறாரு அண்ணன். கணக்குப்படி பாத்தா அவர் சொல்றதுல தப்பே இல்ல. ஆனா லீவு விட்ட நேரத்துல, பஜ்ஜிக் கடைக்கும் டெலஸ்கோப்காரருக்கும் நடுவுல, செல்ஃபி எடுக்கறவங்களுக்கு வழி விட்டுக்கிட்டு, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கிளிக்கரோட நிக்கறதுன்னா அவரே நிக்கட்டும், நான் கரடியூர் பக்கம் வேற பாறை பாத்து வெச்சிருக்கேன்.